வாசமில்லாத வீடு: பதினான்கு மாதக் குறிப்புகள்

மகளின் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஓராண்டாக வருவதும் போவதுமாக இருந்த தடிப்புக்குத் தோல் மருத்துவர் கடைசியில் பேட்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக மருந்துப் பொட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்து, பிரித்த அன்று ஒரு முறையும் மேலும் இரண்டு நாள் கழித்து ஒரு முறையும் பார்த்தார்கள். இரண்டு இடங்கள் சிவந்து தடித்திருந்தன. ஒன்று வாசனைப் பொருட்களின் கலவை. மற்றொன்று மெத்தில் ஐசோதயசோலினோன் என்னும் கெடாமல் காக்கும் பொருள். மருத்துவர் இரண்டு பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, வீட்டில் இவை எவற்றில் எல்லாம் இருக்கின்றன என்று பார்த்து விலக்குங்கள் என்றார். அந்தச் சீட்டிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம், பீரோ, சாமி அறை என எல்லா இடத்திலிருந்தும் பூசுவது, கழுவுவது, தெளிப்பது, புகைப்பது அனைத்தையும் எடுத்து வந்து மொட்டை மாடியில் பாய் விரித்து அடுக்கினோம். நான்கு பேர் வாழும் வீட்டில் நாற்பத்தொரு பொருட்கள் இருந்தன. பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில் அச்சிட்டிருந்த பட்டியல்களை மகள் வாசிக்க, நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஷாம்பூ, கைகழுவும் திரவம், பாத்திரம் தேய்க்கும் திரவம், ஈரத் துடைப்புத் தாள் ஆகிய நான்கில் அந்த ஐசோதயசோலினோன் இருந்தது. பூசிவிட்டுக் கழுவாமல் விடும் கிரீம்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். வாசனையோ முப்பத்து மூன்று பொருட்களில் இருந்தது. தரை துடைக்கும் திரவங்கள் மூன்றின் குப்பியிலும் முழுப் பட்டியலே கிடையாது. மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் கணக்கில் சேர்த்தோம்.

வாசனை என்பது பட்டியலில் ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். மணம் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைக்க டை எத்தில் தாலேட்டு போன்றவற்றைச் சேர்ப்பதுண்டு. தாலேட்டுகளிலும், பொருள் கெடாமல் காக்கச் சேர்க்கும் பாரபென்களிலும் சில, உடலின் சுரப்பிகள் அனுப்பும் செய்திகளைக் குழப்பக்கூடியவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவற்றில் ஒரு நல்ல செய்தி, இவை உடலில் நெடுநாள் தங்குவதில்லை. கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் நூறு பதின்வயதுப் பெண்களுக்கு இப்பொருட்கள் இல்லாத ஷாம்பூ, சோப்பு, அழகுப் பொருட்களை மூன்றே நாட்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அந்த மூன்று நாட்களில் அவர்களின் சிறுநீரில் டை எத்தில் தாலேட்டின் சிதைபொருள் 27 சதவீதமும், மெத்தில் பாரபென் 44 சதவீதமும், கிருமிநாசினியான டிரைக்ளோசான் 36 சதவீதமும் குறைந்திருந்தன. ஆண்டுக்கணக்கில் பத்தியம் இருக்கத் தேவையில்லை, இன்று நிறுத்தினால் இந்த வாரமே குறையும் என்பது எனக்குப் பெரிய தெம்பைக் கொடுத்தது.

நிறுத்துவதுதான் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்பவன், தராசும், புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். தாளும் கையிலேயே இருப்பவனுக்கு நிறுத்துவதை விடச் செய்து பார்ப்பதில்தான் ஆசை போகும். ஆகவே சோப்பிலிருந்து தொடங்கினேன்.

சோப்புக் கணக்கு சிக்கலானதன்று. ஒரு கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. நான் தேங்காய் எண்ணெய் 350 கிராம், செக்குக் கடலை எண்ணெய் 100 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம் எடுத்துக்கொண்டேன். முழுவதையும் சோப்பாக்க 84 கிராம் காஸ்டிக் தேவைப்படும். தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு தோலை வறட்டும் என்பதால், பத்து சதவீதத்தைக் குறைத்து 76 கிராம் மட்டும் போட்டு, மீதி எண்ணெய் சோப்பிலேயே எண்ணெயாகத் தங்கட்டும் என்று விட்டேன். தண்ணீர் 160 கிராம். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மகளையும் அத்தையையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, மாடியில் காற்றோட்டமான இடத்தில்தான் வேலை செய்தேன்.

இவ்வளவு கவனமாக இருந்தவன் கரண்டியைப் பார்க்கவில்லை. எவர்சில்வர் என்று நினைத்துச் சமையலறையிலிருந்து எடுத்து வந்தது அலுமினியக் கரண்டி. கரைசலில் வைத்துக் கலக்கிய சில நொடிகளில் கரண்டியின் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. பிறகு நுரை சாம்பல் நிறமாகப் பொங்கியது. கரண்டி கருத்து, அதன் பளபளப்பான தோல் செதில் செதிலாகக் கழன்றது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதைப் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நல்லவேளையாகப் பாத்திரம் தடித்த பிளாஸ்டிக் வாளி. முழுவதையும் நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து கொட்டிவிட்டு, அன்றைக்கு வேலையை முடித்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை சோப்பு கட்டியாகவில்லை. ஒரு வாரம் கழித்தும் விரலில் எண்ணெய் ஒட்டியது. காரணம் காஸ்டிக்கின் பழைய பொட்டலம். வாய் சரியாகக் கட்டாமல் கிடந்ததால், காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துப் பாதி சோடியம் கார்பனேட்டாக மாறியிருந்தது. தராசு காட்டிய 76 கிராமில் உண்மையான காஸ்டிக் எவ்வளவோ குறைவு. புதுப் பொட்டலம் வாங்கி மூன்றாம் முறை செய்தது நன்றாக வந்தது. மரப்பெட்டியில் ஊற்றி, மறுநாள் துண்டு போட்டு, ஆறு வாரம் காற்றில் வைத்தேன். பி.எச். தாளில் ஒன்பதரை காட்டியது. சோப்பென்றால் அப்படித்தான் இருக்கும். நுரை தாராளமாக வந்தது. ஐப்பசி மழையில் மட்டும் ஒவ்வொரு கட்டியும் முத்து முத்தாக வியர்த்தது. சோப்பு உண்டாகும்போது பிறக்கும் கிளிசரின் அதிலேயே தங்கிவிடுவதால் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது.

இருந்தும் நான்காம் முறை செய்யவில்லை. வீட்டிலிருந்து ரசாயனத்தைக் குறைக்கக் கிளம்பிய நான், அந்த நாற்பத்தொரு பொருட்களில் எதையும் விட அபாயமான ஒன்றை விலை கொடுத்து வாங்கி, குழந்தை இருக்கும் வீட்டின் பரணில் வைத்திருந்தேன். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகக்கூடிய பொருள் அது. கடையிலேயே வாசனையில்லாத சோப்பு கிடைக்கிறது. உறையில் மொத்தக் கொழுப்பு அளவு 76 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருந்தால் அது முதல் தரக் குளியல் சோப்பு. ‘பேதிங் பார்’ என்ற பெயரில் விற்பதில் இந்த அளவு நாற்பது சதவீதம் இருந்தாலே போதும், மீதி வேறு நுரைப் பொருளும் நிரப்பியும்தான். பளபளப்பான உறையைப் பார்த்து நாங்கள் இத்தனை ஆண்டுகள் வாங்கியது அந்த இரண்டாம் வகை.

தலைக்கு ஷாம்பூவை நிறுத்திவிட்டுச் சீயக்காய்க்குத் திரும்பியது வேறு கதை. சீயக்காய் ஒரு கிலோ, கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டை கால் கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், கொஞ்சம் அரப்புத் தூள் என்று அத்தை சொன்ன கணக்கில் வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லில் அரைத்து வந்தேன். அரைத்தவர் மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார். அந்தத் தூசி அவ்வளவு கடுமையாகத் தும்மலை வரவழைக்கும். கரைசலைப் பி.எச். தாளில் தொட்டுப் பார்த்தால் ஐந்துக்குப் பக்கத்தில், லேசான புளிப்பில் இருந்தது. தலைமுடிக்கும் தோலுக்கும் சோப்பை விட இது ஒத்துப்போகும். மகளின் கழுத்து மூன்று வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிட்டது.

அந்த மகிழ்ச்சியில் நான் ஒரு தவறு செய்தேன். இரண்டாம் தடவை அரைக்கும்போது, மணமாக இருக்கட்டும் என்று காய்ந்த ஆரஞ்சுத் தோலும், நிழலில் உலர்த்திய துளசியும், நான்கு கிராம்பும் சேர்த்தேன். பத்து நாளில் தடிப்பு திரும்பியது. மருத்துவர் முகத்தில் சலிப்பே இல்லாமல் விளக்கினார்: முதுகில் ஒட்டிய வாசனைக் கலவையில் இருக்கும் எட்டுப் பொருட்களில் யூஜெனால் ஒன்று, கிராம்பின் மணம் அதுதான், துளசியின் மணத்திலும் பெரும்பங்கு அதற்கே, ஆரஞ்சுத் தோலின் லிமோனீனும் காற்றுப்பட்டுப் பழையதாகும்போது ஒவ்வாமையைக் கிளப்பும். தோலுக்குத் துளசி என்றும் தொழிற்சாலை என்றும் வேறுபாடு தெரியாது. அந்தப் பொடி முழுவதையும் தென்னை மரத்தடியில் கொட்டினேன். மூன்றாம் தடவை அரைத்ததில் மணமென்று எதுவும் இல்லை. பார்க்கப் புழுதி போல இருக்கிறது, வேலையைச் செய்கிறது. ஒவ்வாமை இல்லாத வீடுகளில் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் யாருக்கும் கெடுதல் செய்யாமலே போகலாம். நான் சொல்வது எங்கள் வீட்டுக் கணக்கு.

பூந்திக்கொட்டையைப் பாத்திரத்துக்கும் பயன்படுத்திப் பார்த்தோம். நூறு கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டினால் தேநீர் நிறத்தில் நுரைக்கும் திரவம் கிடைக்கும். டம்ளர், தட்டு, பருப்புச் சட்டி எல்லாம் அதில் பளிச்சென்று வரும். வடைச்சட்டியிடம் மட்டும் அது தோற்றுவிடுகிறது, அதற்கு ஒரு கரண்டி சலவை சோடா வேண்டும். சலவை சோடா அலுமினியப் பாத்திரத்தைக் கருக்கும் என்பதைக் கரண்டிப் பாடத்துக்குப் பிறகு நான் மறக்கவில்லை. இத்திரவம் வெளியில் வைத்தால் மூன்றாம் நாள் புளித்து, ஐந்தாம் நாள் பூஞ்சை கட்டும். தண்ணீர் கலந்த எதையும் கெடாமல் வைக்க ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்பதால்தான் அந்த ஐசோதயசோலினோனே வந்தது. ஆகவே குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்கிறோம். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அந்த நீரை அதன் பக்கம் கொண்டு போக வேண்டாம். பூந்திக்கொட்டையின் நுரைப்பொருள் மீன்களுக்கு விஷம்.

துணி துவைக்கும் தூளில்தான் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. துவைத்து, அலசி, காயவைத்து மடித்திருந்த ஒரு குளியல் துண்டை எடுத்து, தூள் எதுவும் போடாமல் ஒரு வாளி வெறும் வெந்நீரில் முக்கிக் கையால் அலசிப் பார்த்தேன். வாளி நிறைய நுரை வந்தது. தண்ணீர் பால் கலந்தது போல மங்கியது. இரண்டாவது வாளியிலும் நுரை. நான்காவது வாளியில்தான் தெளிந்தது. அதாவது, மகள் முகம் துடைத்த ஒவ்வொரு முறையும் அந்தத் தூளும் அதன் வாசனையும் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. சோப்பையும் ஷாம்பூவையும் மாற்றியும் முழுதாக ஆறாமல் இருந்ததற்கு இந்தத் துண்டுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கோவையின் பல வீடுகளைப் போலவே இரண்டு தண்ணீர். சில நாளுக்கு ஒருமுறை வரும் சிறுவாணி நல்ல தண்ணீர். மற்ற நேரமெல்லாம் போர் போட்ட உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிதிரியாகத் திரண்டுவிடும் என்பதால், பழக்கத்தில் எல்லாவற்றையும் இரண்டு பங்கு போட்டே துவைத்துக்கொண்டிருந்தோம். நல்ல தண்ணீர் வரும் நாளிலும் அதே இரண்டு பங்குதான் விழுந்தது. இப்போது அளவுக் கரண்டியின் பாதியில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறோம்: நல்ல தண்ணீர் நாளில் கோடு வரை, உப்புத் தண்ணீர் நாளில் அதற்கு மேல் கொஞ்சம், இரண்டு நாளிலும் ஓர் அலசல் கூடுதல். வாசனைத் திரவத்தில் கடைசியாக முக்கி எடுக்கும் வழக்கம் நின்றது. வாங்கும் தூள் பாதியாகக் குறைந்தது. இந்தப் பதினான்கு மாதத்தில் செய்தவற்றில் எளிதானதும் பலன் மிகுந்ததும் அந்தச் சிவப்புக் கோடுதான்.

கழிப்பறைக்கு வரும்போது பேச வேண்டியது வாசனையை அல்ல, கலப்பதை. இந்த முயற்சி தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, வீட்டு வேலைக்கு வரும் அக்கா பிளீச்சிங் பவுடர் தூவிய தரையின் மேலேயே அமிலக் கழிப்பறைத் திரவத்தையும் ஊற்றி, மூச்சுத் திணறி வெளியே ஓடி வந்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்து. இப்போது பிளீச்சிங் பவுடர் வீட்டில் யாருக்காவது வாந்திபேதி கண்டால் மட்டும் வெளியே வரும், தனியாக. மஞ்சள் கறைக்கு எலுமிச்சை உப்பு: அரை லிட்டர் வெந்நீரில் ஐம்பது கிராம் கரைத்து, பழைய துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டி, இரவு முழுவதும் விட்டுக் காலையில் தேய்த்தால், போர்த் தண்ணீர் படியவைத்த சுண்ணாம்பு மெல்லிய ஓடாகக் கழன்று வரும். பல இடங்களில் சொல்வது போலச் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்குவதில் பயனில்லை. பொங்குவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான்.

தரை துடைக்கப் பழத்தோலைப் புளிக்கவைத்துச் செய்யும் பழத்தோல் நொதி பற்றிக் கேட்பவர்களுக்காக: நாட்டுச் சர்க்கரை நூறு கிராம், எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் முந்நூறு கிராம், தண்ணீர் ஒரு லிட்டர் என்ற கணக்கில் போட்டு, முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றி, மூன்று மாதம் காத்திருந்தேன். பி.எச். மூன்றரை வந்தது; அது காடிதான், கிருமிநாசினி என்று நம்பி மருத்துவ வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. தரையில் துடைத்தபோது மிச்சச் சர்க்கரைக்கு எறும்புகள் வரிசை கட்டின. குப்பியைச் சமையலறையின் கடப்பைக் கல் மேடையில் வைத்திருந்தபோது அடியில் கசிந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தால் கறுப்பான மேடையில் குப்பியின் வட்ட அடி வெள்ளை வளையமாகப் பதிந்திருந்தது. விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல். எந்தப் புளிப்பும் அதைத் தின்னும். எண்ணெய் தடவினால் ஒரு நாள் மறைகிறது, மறுநாள் தெரிகிறது. மனைவி அதற்குப் பக்கத்தில்தான் தினமும் காய் நறுக்குகிறாள், ஒன்றும் சொல்வதில்லை.

கொசுவுக்கு வருகிறேன். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அத்தைக்கு இளைப்பு உண்டு. அவர் கட்டிலுக்கு அடியில்தான் சுருள் எரிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னதும் அவர் வேப்பிலை மூட்டத்துக்குப் போனார். அதுவும் புகைதான் என்று நான் சொன்னபோது, “ஏனுங்க மாப்பிள்ளை, எங்கம்மா காலத்துல இருந்து போடற வேப்பெலைப் பொகையும் விசமுங்களா? அப்பறம் என்னத்தத்தானுங்க போடறது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது, பதில், எதையும் போட வேண்டியதில்லை என்பதுதான். எல்லா ஜன்னலுக்கும் ஒட்டுப்பட்டையோடு கூடிய வலை அடித்தோம். அதன் பிறகும் கொசு இருந்தது. தேடியதில், பிரிட்ஜுக்குப் பின்னால் கீழே இருக்கும் தண்ணீர்த் தட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். வளைந்து நெளியும் புழுக்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. அந்தத் தட்டு இருக்கிறது என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்கக் கோடையில் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், ஞாயிறுதோறும் அதைக் கழுவிக் கவிழ்ப்பது மகளின் பொறுப்பாகிவிட்டது. அத்தையின் கட்டிலருகே ஒரு டேபிள் ஃபேன் வைத்தோம். கொசு காற்றை எதிர்த்துப் பறக்கத் திராணியில்லாதது. ஆடி மாதம் வந்தபோது அத்தையே, காத்துதானுங்க நல்ல மருந்து என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பீரோவில் கிடந்த அந்துருண்டைகளை எடுத்தெறிவதில் விவாதமே இல்லை. அது நாப்தலின், ஜி6பிடி நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, அந்த வாடை ஏறிய துணியைச் சுற்றினாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றும். பச்சைக் குழந்தைக்கென்று பழைய வேட்டியைப் பீரோவிலிருந்து எடுத்துத் தரும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. துவைத்து வெயிலில் காயவைக்காமல் கொடுக்கக் கூடாது. பதிலாக வசம்பைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறோம். பேர் சொல்லா மருந்து, பிள்ளை வளர்ப்பான் என்றெல்லாம் புகழ் பெற்ற வசம்பிலும் அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்க 1968 முதல் தடை. ஆகவே அதுவும் பிள்ளையின் கைக்கு எட்டாத மேல் தட்டில்தான். பட்டுப்புடவைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுவது இவை எல்லாவற்றையும் விட நல்லது.

சாமி அறைக் குங்குமத்தில் ஒரு விளையாட்டு. மஞ்சளில் காரத்தைச் சேர்த்துச் சிவக்கவைத்ததுதான் பழைய குங்குமம். அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிட வேண்டும். நான்கு பொட்டலங்களை நான்கு தட்டில் கொட்டிச் சாறு பிழிந்தோம். கோயில் வாசலில் வாங்கிய ஒன்று மஞ்சளானது. இரண்டு சிவப்பாகவே இருந்தன. நான்காவது, தட்டின் விளிம்பு வரை ரோஜா நிறத்தில் பரவி, மகளின் விரலில் இரண்டு நாள் போகாமல் இருந்தது. சாயம் எப்படிப் பரவும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈயம் இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. மஞ்சளால் ஆனதா என்பதை மட்டும் சொல்லும்.

தரையை இப்போது வெறும் தண்ணீரில், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் சில துளி வாசனையற்ற சோப்புக் கரைசலோடு துடைக்கிறோம். அக்காவுக்கு இதில் மனமே ஒப்பவில்லை. “வாசம் வந்தாத்தானுங் சார் தொடச்ச மாதிரி இருக்கு. இது சும்மா ஈரம் பண்ண மாதிரில்ல இருக்குது” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த நாற்பத்தொன்றில் பாதிக்கு மேல் அழுக்கைப் போக்க வாங்கியவை அல்ல. அழுக்குப் போய்விட்டது என்று மூக்குக்குச் சொல்ல வாங்கியவை. மாப்பை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, இரண்டு வாளி வைத்து, ஒன்றில் பிழிந்து மற்றதில் நனைக்கும் முறைக்கு வந்த பிறகு, இரண்டாவது வாளியின் தண்ணீர் தெளிவாக இருப்பதை அவரே காட்டினார். இருந்தாலும் வெள்ளிக்கிழமை மட்டும் வாசலில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் போகிறார்.

இன்றைய கணக்கில் வீட்டில் இருப்பவை பதினாறு பொருட்கள். ஊதுபத்தி அத்தைக்காக இருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கும் நேரத்தில் ஒன்று. என் முகச்சவரக் கிரீம் இன்னும் வாசனையுள்ளதுதான். அதை விட மனமில்லை.

கடைசியாகச் செய்தது சென்ற வாரம். பள்ளி திறப்பதற்கு மகளுக்குப் புதுச் சீருடை மூன்று ஜோடி வந்தது. சுருக்கம் விழாத வகை என்று சீட்டில் இருந்தது. அந்த மூக்கைச் சுருக்கவைக்கும் புதுத்துணி வாடை எனக்குத் தொழில்முறையில் தெரிந்த வாடை. சுருக்கம் விழாதிருக்கப் பூசும் பிசினில் ஃபார்மால்டிஹைடு உண்டு. எங்கள் ஆய்வகத்தில் ஏற்றுமதித் துணிக்கு அதை அளக்க, ஒரு கிராம் துணியை நறுக்கி, நூறு மில்லி தண்ணீரில் நாற்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, வடித்த நீரில் வினைபொருளைச் சேர்ப்போம். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியாக வருகிறதோ அவ்வளவு ஃபார்மால்டிஹைடு. தோலில் படும் பெரியவர் உடைக்கு ஒரு கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டினால் சரக்கு திரும்பிவிடும். உள்ளூர்ச் சீருடைக்கு எங்கள் பக்கம் யாரும் அதை அளந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மூன்று ஜோடியையும் பெரிய வாளியில் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, வெப்பமானியில் நாற்பது பார்த்து, ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். ஆய்வகத்தில் துணியை எறிந்துவிட்டு நீரை வைத்துக்கொள்வோம். இங்கே நீரைக் கொட்டிவிட்டுத் துணியை வைத்துக்கொண்டேன். அதே போல இன்னொரு முறை செய்து, சிவப்புக் கோடு வரை தூள் போட்டுத் துவைத்து, மாடிக் கொடியில் காயப்போட்டபோது மகள் வந்து காலரை மோந்து பார்த்தாள். “ஒரு வாசமும் இல்லையேப்பா, புதுசு மாதிரியே இல்ல” என்று குறைப்பட்டுக்கொண்டே கிளிப்பை மாட்டினாள்.